‘மந்தணம்’ என்று முத்திரை குத்திய தாளைப் பத்திரிகைக்குக் கொடுப்பது திருட்டா?

தபால் எழுத்தர் எழுதியது:

அரசு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் 31 ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மந்தணத் தபால், அதாவது இரகசியத் தபால், எப்படி வரும் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. உறைக்குள் உறை. வெளியுறையில் முகவரி மட்டும் இருக்கும். உள்ளுறையில் சிவப்பு மையில் ‘மந்தணம்’ என்ற முத்திரை, மடிப்பின் மேல் அரக்கு. வெளியுறையை நான் பிரிக்கலாம். உள்ளுறையின் எண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றி, அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அரை மணி நேரத்தில் மணி அடிக்கும். அதே தாளை என் கையில் கொடுத்து “இரண்டு நகல் எடு” என்பார்.

அப்படி என் கண்ணில் பட்ட இரகசியங்களில் நாட்டைக் காப்பது என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. விருந்தினர் மாளிகைக்குத் திரைச்சீலை வாங்கிய கணக்கில் தணிக்கைக்காரர்கள் எழுப்பிய ஆட்சேபணைக்கு என்ன எழுதிச் சமாளிக்கலாம் என்பது ஒரு மந்தணம். யாரை எந்த ஊருக்குத் தூக்கி அடிக்கலாம் என்பது இன்னொன்று.

எடைக்குப் போட நாளிதழ்க் கட்டைப் பிரித்தபோது 2019ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய பாதுகாப்பு அமைச்சகத்தின் உள்குறிப்புகளைச் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டிருந்தது. அந்தக் கொள்முதல் பற்றிய மறுஆய்வு வழக்கில் மார்ச் 6 அன்று அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து, அவை அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை, அவற்றை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து, மூல ஆவணங்கள் திருடு போகவில்லை, மனுதாரர்கள் நகல்களைப் பயன்படுத்தினார்கள் என்பதே தம் வாதம் என்று விளக்கம் கொடுத்தார். நகல் எடுத்தே காலம் தள்ளியவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாள் திருட்டுத் தாள் என்றால் அதில் எழுதியிருப்பதும் இல்லாமல் போய்விடுமா? அதைக் கொடுத்தவனைத் திருடன் என்று சொல்வது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்காடி எழுதியது:

ஐயா, முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய், நீதிபதிகள் எஸ்.கே.கவுல், கே.எம்.ஜோசப் மூவரும் ஒருமனதாக அரசின் ஆட்சேபணையைத் தள்ளினார்கள். என் வார்த்தையில் சொன்னால், ஊரே படித்துவிட்ட தாளை நீதிபதி மட்டும் படிக்காதது போல் உட்கார்ந்திருக்க முடியாது. ஆதாரம் எப்படிக் கைக்கு வந்தது என்பதைவிட அது வழக்குக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம் என்ற கொள்கை 1974இலேயே வருமான வரிச் சோதனை வழக்கு ஒன்றில் உறுதியாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவும் துணைக்கு வந்தது. மறைப்பதால் வரும் நன்மையைவிட வெளியிடுவதால் பொதுமக்களுக்கு வரும் நன்மை பெரிது என்றால், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்கிறது அது.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மறுஆய்வு மனுக்களே தள்ளுபடியாயின. தாள் வென்றது, வழக்கு தோற்றது. தாள் வெளியே வந்துவிட்டால் மறுநாளே எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். நம் அலுவலக இரகசியச் சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்டது. இரகசியம் என்றால் என்ன என்று அதில் வரையறையே இல்லை. கொடுத்தவன் மட்டுமல்லாமல் வாங்கியவனும் அதில் மாட்டுவான். இஃப்திகார் கிலானி என்ற டெல்லிப் பத்திரிகையாளரை 2002 ஜூனில் அந்தச் சட்டத்தில் பிடித்துத் திகார் சிறையில் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அவருடைய கணினியில் இருந்த ‘இரகசியம்’, பாகிஸ்தானில் அச்சாகி யாரும் வாங்கிப் படிக்கக்கூடியதாக இருந்த ஒரு கட்டுரை. இராணுவப் புலனாய்வுத் துறையே அது பகிரங்கமான தகவல்தான் என்று சொன்ன பிறகு, 2003 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். போன ஏழு மாதம் போனதுதான்.

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் இந்தச் சட்டத்தையே நீக்கச் சொன்னது. சட்டம் அப்படியே இருக்கிறது.

எல்லைச்சாமி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பேசுகிறீர்கள். நான் தரைப்படையில் தகவல் தொடர்புப் பிரிவில் 17 ஆண்டுகள் இருந்தவன். திரைச்சீலைக் கணக்கையெல்லாம் மந்தணமாக்குவது அயோக்கியத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது இரகசியம் என்பது தபால் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. ஒரு முகாமுக்கு வாரத்துக்கு எத்தனை மூட்டை ஆட்டா போகிறது என்ற சீட்டு உங்களுக்கு மளிகைக் கணக்கு. எதிரிக்கு அது ஆள் கணக்கு. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எப்போது வந்தார்கள் என்று அதிலிருந்து போட்டுவிடுவான். இப்படிப் பத்துச் சீட்டு சேர்ந்தால் ஒரு வரைபடம்.

இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தைத் தொடங்கிய ஜூலியன் அசாஞ்சேயைக் கொண்டாடுகிறவர்கள் 2011 செப்டம்பரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அமெரிக்கத் தூதரகச் செய்திகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தையும் பெயர்களை மறைக்காமல் விக்கிலீக்ஸ் கொட்டியது. தூதரகத்தோடு நம்பிப் பேசிய உள்ளூர்க்காரர்களின் பெயர்களும் அதில் இருந்தன. அதுவரை கூட வேலை செய்த பத்திரிகைகளே கண்டித்தன. வெளிச்சம் வேண்டும் என்று கூரையைக் கொளுத்துவது அறமா?

எறும்பு எழுதியது:

நமக்கு இதற்கு ஒரு சொல்லே அமையவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘காட்டிக்கொடுத்தவன்’ என்றால் எட்டப்பன் நினைவுக்கு வருகிறார். ‘அம்பலப்படுத்தியவர்’ என்றால் கைதட்டுகிறோம். செய்கை ஒன்றுதான். அம்பலம் என்பது ஊர் கூடும் இடம். ஊருக்கு முன்னால் வைத்தால் அம்பலம், எதிரியிடம் தனியாகக் கொடுத்தால் காட்டிக்கொடுத்தல். இந்த வேறுபாட்டை மொழியே செய்து வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத்தான் அது தெரியவில்லை.

பிழைதிருத்தி எழுதியது:

எறும்பு சொன்னது அழகு. ஆனால் ஊருக்கு முன்னால் வைப்பதற்குள் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு மேசையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்த மேசையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான்.

எல்லைச்சாமி அண்ணன் சொன்ன 2011 விவகாரத்தில் எங்கள் இனத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பத்திரிகையாளர்கள் இருவர் எழுதிய புத்தகத்திலேயே அச்சாகிவிட்டது. அது இனிச் செல்லாத சொல் என்று நினைத்துவிட்டார்களாம். செல்லுபடியானது. கவனக்குறைவு எந்தப் பக்கமும் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டவர் டேனியல் எல்ஸ்பெர்க் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர். வியட்நாம் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்காகவே எழுதி வைத்துக்கொண்ட வரலாறு, 47 தொகுதிகள், ஏறத்தாழ 7000 பக்கங்கள். 1969 அக்டோபரிலிருந்து இரவு நேரங்களில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விளம்பர நிறுவனத்தின் நகல் இயந்திரத்தில் பக்கம் பக்கமாக எடுத்தார். 13 வயது மகன் உதவிக்கு நின்றான். அவனுடைய தங்கை கத்தரிக்கோலால் தாள்களின் மேலும் கீழும் இருந்த ‘மிக இரகசியம்’ என்ற வரியை நறுக்கி நறுக்கிப் போட்டாள். பள்ளியில் கைவேலைக்குக் காகிதம் வெட்டுகிற வயது. எனக்கு இந்தக் காட்சி மட்டும் மனத்தை விட்டு நீங்குவதில்லை. பிள்ளைகளை இதில் இழுத்தது சரியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த மனிதர் அமைதிப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. அது வெளியே வந்தால் பேச்சு முறியும் என்று தாமே நிறுத்திக்கொண்டார். ஆட்டா மூட்டைக் கணக்கு அவருக்கும் தெரியும், அண்ணா.

1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. நிக்சன் அரசு தடை வாங்கியது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடையை நீக்கியது. அரசுக்காக அந்த வழக்கில் வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்ட், 18 ஆண்டுகள் கழித்துத் தாமே எழுதினார், அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து வந்த சுவடு எதையும் தாம் பார்க்கவில்லை என்று. நாட்டுக்கு ஆபத்து என்று நீதிமன்றத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டவரே அவர்தான்.

எல்லைச்சாமி எழுதியது:

எல்ஸ்பெர்க்கைப் பற்றி எனக்கும் மரியாதை உண்டு. நாட்டை விட்டு ஓடாமல் பாஸ்டனில் தாமாகவே சரணடைந்தார். என் சந்தேகம் உங்கள் மேசையைப் பற்றியதுதான், தங்கையே. ரஃபேல் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் அலுவலகம் இணையாகப் பேச்சு நடத்துவது நம் பேரத்தைப் பலவீனப்படுத்துகிறது என்ற அமைச்சகக் குறிப்பு 2019 பிப்ரவரி 8 அன்று அச்சானது. அதே தாளின் அடியில் அன்றைய அமைச்சர் மனோகர் பாரிக்கர் தம் கையால், குறிப்பில் சொல்லப்பட்டது மிகையான எதிர்வினையாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். வெளியான பக்கத்தில் அது இல்லை. முழுத்தாள் அன்றைக்கே வேறு வழியில் வெளிவந்தது. பாதித் தாளைக் காட்டுவதும் ஒரு மந்தணம்தானே?

பிழைதிருத்தி எழுதியது:

நியாயமான கேள்வி. பத்திரிகை தன் விளக்கத்தைச் சொன்னது, அரசு ஏற்கவில்லை. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அடிக்குறிப்பு கைக்கு வரும்வரை ஒரு நாள் காத்திருப்பேன் என்று இப்போது சொல்வது எளிது. இன்னொரு பத்திரிகை முந்திவிடுமோ என்ற பயம் இரவு பத்து மணிக்கு எப்படி வயிற்றைப் பிசையும் என்று எனக்குத் தெரியும். அமைச்சர் எழுதியதையும் சேர்த்துப் போட்டிருந்தாலும் செய்தி நின்றிருக்கும் என்பது என் எண்ணம். மூத்த அதிகாரிகளின் ஆட்சேபணை இருந்தது என்பது அதனால் பொய்யாகாது. விட்டுப்போனதால்தான் பேச்சு, தாளில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததன் பக்கம் திரும்பிவிட்டது.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு சங்கடம் உண்டு. வந்த தாளை அப்படியே படம் பிடித்துப் போடுவதா, புதிதாகத் தட்டச்சு செய்து போடுவதா?

அப்படியே போட்டால் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். 2017இல் ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண், அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய ஓர் அறிக்கையை அச்செடுத்து ஓர் இணைய இதழுக்கு அனுப்பினார். உண்மைதானா என்று சரிபார்க்க அந்த இதழ் தாளின் படத்தை அரசிடமே காட்டியது. தாளில் மடிப்புக் கோடு இருந்தது. அப்படியானால் யாரோ அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அந்த இதழோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தவர் ஒருவர்தான். ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறை. சில அச்சு இயந்திரங்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் நாளையும் நேரத்தையும் தாளில் பொறித்துவிடும் என்பதும் அந்த வழக்கை ஒட்டித்தான் பலருக்குத் தெரிந்தது.

சரி, தட்டச்சு செய்து போடலாம் என்றால் அதற்கும் கதை இருக்கிறது. 2003 ஜனவரி 31. ஈராக் போருக்கு முன்பு, ஐ.நா. பாதுகாப்பு அவையில் எந்தப் பக்கமும் சாயாத நாடுகளின் பிரதிநிதிகளை ஒட்டுக்கேட்க உதவுங்கள் என்று அமெரிக்க உளவு அமைப்பிலிருந்து பிரிட்டிஷ் உளவு அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கோலா, பல்கேரியா, கேமரூன், சிலி, கினி, பாகிஸ்தான். அந்தப் பிரிட்டிஷ் அமைப்பில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன் அதை அச்செடுத்து வெளியே கொடுத்தார். மார்ச் 2 அன்று பிரிட்டிஷ் இதழான ‘அப்சர்வர்’ வெளியிட்டது. தட்டச்சு செய்த ஊழியர் வழக்கப்படி அமெரிக்க எழுத்துக்கூட்டலை எல்லாம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலாகத் திருத்திவிட்டார். அமெரிக்கன் எழுதிய கடிதத்தில் பிரிட்டிஷ் எழுத்தா, இது போலி என்று அமெரிக்காவில் கிளப்பிவிட்டார்கள். ஒரு சொல்லில் ஓர் எழுத்து கூடியதற்கு ஒரு போரைப் பற்றிய உண்மை சந்தேகத்துக்கு ஆளானது. என் தொழிலில் பிழை திருத்தியதற்காக வெட்கப்பட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே எல்லா ஊழியர்களையும் விசாரிக்கத் தொடங்கியதும், மற்றவர்கள் மேல் பழி விழுவதைப் பொறுக்காமல், நான்தான் என்று கேத்தரின் தம் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். 2004 பிப்ரவரி 25 அன்று நீதிமன்றத்தில் அரசு எந்தச் சாட்சியமும் வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. போர் சட்டப்படியானதா என்று அரசுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனையை வெளியே காட்டுங்கள் என்று அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டிருந்தார்கள்.

எறும்பு எழுதியது:

அப்படியானால் உள்ளுக்குள்ளேயே முறைப்படி புகார் செய்வதுதான் உத்தமம் என்று சிலர் சொல்வார்களே? பத்திரிகைக்கு ஏன் போக வேண்டும், மேலதிகாரிக்கு எழுது என்று.

வழக்காடி எழுதியது:

எழுதிப் பாருங்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்காமலே கிடப்பில் போட்டார்கள். நடைமுறைக்கு வந்தாலும் மொட்டைக் கடிதத்தை அது ஏற்காது, பெயரும் முகவரியும் வேண்டும். பத்திரிகைக்குச் சொன்னவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. 2015இல் ஒரு திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. பத்து வகைத் தகவல்களைப் பற்றிப் புகாரே செய்யக் கூடாது என்றது. நல்ல வேளையாக அது காலாவதியாகிவிட்டது.

பத்திரிகையாளர் பக்கமும் அவ்வளவுதான். செய்தி கொடுத்தவர் யார் என்று சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு 1978ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தில் இருக்கிறது. மன்றத்தின் விசாரணைக்கு மட்டும் அது செல்லும். நீதிமன்றத்தில் செல்லாது.

சத்யேந்திர துபேயை மறந்துவிட்டோம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் ஜார்க்கண்டில் இருந்தார். நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002இல் நேராகப் பிரதமருக்கு எழுதினார். கடிதத்தில் பெயர் போடவில்லை. இரகசியம் கருதித் தம் விவரங்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். கடிதமும் தனித்தாளும் ஒன்றாகவே மேசை மேசையாகக் கீழே இறங்கின. 2003 நவம்பர் 27 விடியற்காலையில் கயாவில், இரயில் நிலையத்திலிருந்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31கூட நிறையவில்லை என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. வழிப்பறிக்கு நடந்த கொலை என்றது சி.பி.ஐ. 2010இல் மூவருக்குத் தண்டனை கிடைத்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தத் தனித்தாளைக் கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்தி அனுப்பிய கை ஒன்று இருக்கிறது. அதற்கு, நடைமுறையில் இருக்கும் எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. திரைச்சீலையைக் காக்கும் மந்தணம் அவரைக் காக்கவில்லை.

தபால் எழுத்தர் எழுதியது:

வழக்கறிஞர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் இந்தப் பக்கம் வரவில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்வியை யாரோ ஒருவருக்காகக் கேட்பது போல் கேட்டுவிட்டேன். எனக்காகத்தான் கேட்டேன்.

மாணவர் விடுதிக்குப் போர்வை வாங்கிய கோப்பு. சரக்கு வரவில்லை என்று கீழே இருந்த ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். அதற்கு மேலே, பட்டியலை அனுமதிக்கலாம் என்று பச்சை மையில் கையெழுத்து. நகல் எடுக்க என்னிடம் வந்தது. இரண்டு கேட்டார்கள், மூன்று எடுத்தேன். மூன்றாவதைச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். நிருபர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. பேசவில்லை. தைரியம் இல்லை என்பதைவிட, அது முறையில்லை என்று நினைத்தேன் என்பதே உண்மை. அதற்குப் பதிலாக மேலிடத்துக்கு என் பெயர் போட்டு, பதவி போட்டு, கையெழுத்துப் போட்டு மனு எழுதினேன்.

22 நாள் கழித்து ஒரு தபால் வந்தது. வெளியுறையைப் பிரித்தேன். உள்ளே அரக்கு வைத்த உறை, ‘மந்தணம்’. எண்ணைப் பதிவேட்டில் ஏற்றினேன். பச்சை மைக்காரரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அரை மணி நேரத்தில் மணி அடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “இரண்டு நகல் எடு” என்றார். இயந்திரத்தின் மூடியைத் தூக்கித் தாளைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த மாதம் 140 கிலோமீட்டர் தள்ளி மாற்றல் வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை எதுவும் கொடுக்கவில்லை, அந்த வகையில் நல்லவர்கள்தான்.

எல்லைச்சாமி எழுதியது:

ஐயா, ஆட்டா மூட்டை என்று நான் பேசியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். போர்வையில் என்ன இராணுவ இரகசியம் இருக்கிறது. கேட்கலாமா என்று தெரியவில்லை, அந்த மூன்றாவது நகல் என்ன ஆனது?

தபால் எழுத்தர் எழுதியது:

இருக்கிறது. என் மனைவி ஓய்வூதியக் காகிதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு மூலையில் குழம்பு பட்டுவிட்டது, மற்றபடி எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. பேரனிடம் சொன்னால் கைப்பேசியில் படம் எடுத்து இங்கேயே ஏற்றிவிடுவான்.

பிழைதிருத்தி எழுதியது:

வேண்டாம் ஐயா, ஏற்றிவிடாதீர்கள்! மூலையில் குழம்புக் கறை, நடுவில் டிபன் பாக்ஸ் அழுத்திய மடிப்பு, உங்கள் பழைய இயந்திரத்தின் கண்ணாடியில் இருந்த கீறல் எல்லாம் அதில் இருக்கும். நாள், துறை, ஊர் எதையும் இங்கே எழுத வேண்டாம். 140 கிலோமீட்டர் என்றதையும் முடிந்தால் நீக்கிவிடுங்கள். எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் சொல்கிறேன்.

தபால் எழுத்தர் எழுதியது:

சரி அம்மா. பதிவைத் திருத்த எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்கிறேன்.